மூன்றடித் தொட்டிக்கு என்ன மீன் விடலாம்?

சென்னை கொளத்தூரின் வண்ணமீன் கடைகளுக்கு மீன் வாங்கப் போகிறேன், எது நல்ல மீன் என்று யாராவது கேட்டால், உங்கள் வீட்டில் போர்வெல்லிலிருந்து வரும் போர் தண்ணீரா, குழாயில் வரும் மெட்ரோ தண்ணீரா என்று நான் திருப்பிக் கேட்பேன். கேட்டவர் ஒரு மாதிரி பார்ப்பார். நிறம், விலை, வாஸ்து என்று ஏதாவது சொல்வேன் என நினைத்து வந்திருப்பார், பாவம்.

வியாசர்பாடியில் எங்கள் தெருவில் இரண்டுமே உண்டு. மெட்ரோ தண்ணீர் வருகிற நாளில் சம்ப் நிறையும். வராவிட்டால் மோட்டார் போட்டு போர் தண்ணீரை ஏற்றுவோம். போர் தண்ணீரைக் காய்ச்சுகிற பாத்திரத்தின் அடியைப் பாருங்கள், சுண்ணாம்பு பூசியது போல வெள்ளையாகப் படிந்திருக்கும். மெட்ரோ தண்ணீரில் அந்தப் படிவு அவ்வளவாக இருக்காது. வடசென்னையின் பல பகுதிகளுக்குக் காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையிலிருந்து 2010 முதல் தண்ணீர் வருகிறது. அதில் உப்பு மிகக் குறைவு. இந்த வாரம் ஒன்று, அடுத்த வாரம் இன்னொன்று என்று தொட்டித் தண்ணீரை மாற்றினால், உடம்பிலுள்ள உப்பைச் சமன்செய்வதிலேயே மீனின் தெம்பு போய்விடும். ஒன்றும் செய்யாமலே செத்துப்போச்சு என்று சொல்கிறார்களே, அதில் பாதி இப்படித்தான் நடக்கிறது என்பது என் கணிப்பு.

எந்தத் தண்ணீர் வருடம் முழுக்கக் கிடைக்கும் என்று பார்த்து அதையே ஊற்றுங்கள். எங்கள் பக்கம் அது போர்தான். போர் தண்ணீருக்கென்றே பிறந்தவை போன்றவை மோலி, பிளாட்டி, ஸ்வார்ட் டெயில், கப்பி. நான்கும் குட்டி போடும் ரகம், சுண்ணாம்புச் சத்துள்ள தண்ணீரை விரும்புபவை. மோலிக்குக் கொஞ்சம் உப்பு கரித்தால்கூடக் கவலையில்லை. நியான் டெட்ராவும் டிஸ்கஸும் அமேசான் பக்கத்து மென்மையான தண்ணீரில் பிறந்த சாதி. அழகுதான், ஆனால் நம் போர் தண்ணீரில் அவற்றைப் பார்க்க எனக்கு மனசு வராது. மெட்ரோ தண்ணீர்தான் ஊற்றுவேன் என்பவர்கள் குளோரின் போக ஒரு நாள் வாளியில் பிடித்துவைத்து ஊற்றுங்கள்.

அடுத்தது சூடு. மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் வீட்டில், கத்திரி வெயிலில் தொட்டித் தண்ணீர் 32, 33 டிகிரிக்குப் போய்விடும். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும். அதே நேரம் மீனுக்கு மூச்சும் அதிகம் வேண்டும். கோல்டு ஃபிஷ் குளிர்ந்த தண்ணீர் மீன். கொளத்தூர்ப் பக்கம் வளர்ந்தவை நம் வெயிலை ஓரளவு தாங்கும் என்றாலும், நிறையத் தின்று நிறையக் கழிக்கிற அதை நடுத்தரத் தொட்டியில் மற்ற மீன்களோடு சேர்த்து வைக்க நான் சொல்ல மாட்டேன். அதற்குப் பதில் கௌராமி வாங்குங்கள். மேலே வந்து காற்றை நேராக விழுங்கி மூச்சுவிட அதற்குத் தனி உறுப்பு உண்டு, ஃபைட்டர் மீனுக்கும் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு கரண்ட் இல்லாமல் காற்று மோட்டார் நின்ற வீடுகளில், மற்ற மீனெல்லாம் தவிக்க, கௌராமி பாட்டுக்கு நீந்திக்கொண்டிருந்தது.

போன மாதம் பக்கத்து வீட்டு அக்காவும் அவர் பையனும் என்னைக் கடைக்கு இழுத்துப்போனார்கள். தொட்டி மூன்றடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், ஒன்றரை அடி உயரம். விளிம்புவரை நிரப்பினால் ஏறக்குறைய 160 லிட்டர். மணலும் மேலே விடும் இடைவெளியும் போக 130 லிட்டர் கிடைக்கும். பையன் நேரே ஷார்க் தொட்டி முன்னால் போய் நின்றுவிட்டான். விரல் நீளத்துக்கு வெள்ளி மாதிரி மின்னிக்கொண்டு இருந்தது.

"மாமா, இது வாங்கலாம் மாமா."

"இது எவ்வளவு வளரும் அண்ணே?" என்று கடைக்காரரைக் கேட்டேன்.

"வளரும் தம்பி. தொட்டிக்குத் தகுந்த மாதிரி வளரும்."

இந்த ஒரு பதிலை மட்டும் எந்தக் கடையிலும் நம்பாதீர்கள். அந்த ஷார்க் உண்மையில் பங்காசியஸ் என்னும் கெளுத்தி இனம், ஒரு மீட்டருக்கு மேல் வளரக்கூடியது. சின்னத் தொட்டியில் வளர்ச்சி நின்றால், அது இடத்துக்கு ஏற்றபடி அடங்கியதாக அர்த்தமில்லை, உடம்பு கெட்டதாகத்தான் அர்த்தம். கண்ணாடியைச் சுத்தம் பண்ணும் என்று கொடுக்கிற சக்கர் மீனும் அப்படித்தான், ஒன்றரை அடி வரை போகும். பெரிதானதும் ஏரியில் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். அங்கே அது பெருகி வலைக்காரர்களுக்குத் தலைவலி. பாசியைத் துடைக்க ஒரு ஸ்பான்ஜ் போதுமே!

கடைசியில் அக்கா வாங்கியது: பெண் மோலி நான்கு, ஆண் இரண்டு, ஜீப்ரா மீன் எட்டு. ஆண் மோலி பெண்ணைத் துரத்திக்கொண்டே இருக்கும், அதனால் ஒன்றுக்கு இரண்டு என்ற கணக்கு. ஜீப்ரா கங்கைப் பக்கத்து மீன், நம் சூடு பழக்கம், கூட்டமாக இருந்தால்தான் சந்தோஷமாக ஓடும். துள்ளும், மூடி கட்டாயம். ஒரு மாதம் கழித்து முத்து கௌராமி ஒரு ஜோடி விடச் சொல்லியிருக்கிறேன். எல்லாவற்றையும் ஒரே நாளில் விட்டால் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைச் சிதைக்கும் கிருமிகள் அதற்குள் வளர்ந்திருக்காது. நம் போர் தண்ணீரில் காரத்தன்மை அதிகம். அதோடு சூடும் சேர்ந்தால் அதே அளவு அம்மோனியா இன்னும் கடுமையான விஷமாகும். டைகர் பார்ப் கேட்ட பையனுக்கு மட்டும் நான் வில்லன் ஆனேன். அது பக்கத்து மீனின் துடுப்பைக் கடிக்கும், கௌராமியின் நூல் போன்ற துடுப்பை விட்டுவைக்காது.

கடையில் ஒரு மீனைக் காட்டி இதுதான் வேண்டும் என்று அவசரப்படாதீர்கள். ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். துடுப்பை உடம்போடு ஒட்டி வைத்திருக்கிறதா, வயிறு ஒட்டியிருக்கிறதா, ஒரு மூலையில் நின்று வேகவேகமாகச் செவுளை அடிக்கிறதா, உடம்பில் உப்புத் தூவினாற்போல வெள்ளைப் புள்ளிகள் உண்டா? ஒரு மீனுக்கு இருந்தாலும் அந்தத் தொட்டியிலிருந்து எதுவும் வேண்டாம். ஒரு சிட்டிகை தீனி போடச் சொல்லுங்கள், நல்ல மீன் பாய்ந்து வரும். அப்புறம் இது இங்கே வளர்த்ததா, வெளியிலிருந்து வந்ததா என்று கேளுங்கள். கொளத்தூர், மாதவரம் பக்கத்துப் பண்ணையில் வளர்ந்தது என்றால் நம் தண்ணீரும் வெயிலும் அதற்குப் புதிதில்லை.

வெயில் தாழ்ந்து வாங்கி வாருங்கள். பையை அரை மணி நேரம் தொட்டியில் மிதக்கவிட்டு, உங்கள் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக அதில் சேர்த்து, அப்புறம் மீனை மட்டும் வலையில் எடுத்து விடுங்கள். கடைத் தண்ணீர் தொட்டிக்குள் போக வேண்டாம்.