பழைய கேபினட்டுக்குள் புது போர்டு

மே 3, 2025, சனி

விண்டோஸ் 10-க்கு அக்டோபர் 14-ஓடு அப்டேட் நின்றுவிடும். என் கம்ப்யூட்டரில் இருப்பது நான்காம் தலைமுறை பிராசஸர், டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்புச் சிப் கிடையாது, விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. நாலு கடைக்காரர்களின் ஜிஎஸ்டி கணக்கு இருக்கிற மெஷினை ஏனோதானோ என்று விட முடியாது. ஆக மதர்போர்டு, பிராசஸர், ராம் மூன்றும் மாற வேண்டும். அது முடிவாகிவிட்டது. இதெல்லாம் உட்காரும் இரும்புப் பெட்டி, கேபினட்தான் பாக்கி.

2006-ல் வாங்கியது. "காயலான் கடையில போடுப்பா, கண்ணாடி வெச்சதா ஒண்ணு வாங்கலாம்" என்கிறான் பையன். எனக்கு மனசு வரவில்லை. பாசம் எல்லாம் இல்லை. போர்டுக்கும் கேபினட்டுக்கும் பொதுவான ஏடிஎக்ஸ் அளவை இன்டெல் கொண்டுவந்தது 1995-ல். போர்டைத் திருகும் ஓட்டைகள், பின்பக்கம் ஒயர்கள் செருகும் ஐஓ தகட்டின் வெட்டு, மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸின் 150க்கு 86 மில்லிமீட்டர் முகம், எதுவும் அதற்கப்புறம் மாறவில்லை. 2004 வாக்கில் பிடிஎக்ஸ் என்று வேறொரு அளவைக் கொண்டுவந்து பார்த்தார்கள், எடுபடவில்லை. இன்று வாங்கும் மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டு, அதே வகையில் சிறியது, இதில் அப்படியே உட்காரும். பிறகு எதற்குத் தூக்கிப் போடுவது?

மே 4, ஞாயிறு

அக்னி நட்சத்திரம் ஆரம்பம். மொட்டை மாடியில் வைத்துக் கழற்றினேன், காலை ஏழு மணிக்கே முதுகு எரிந்தது.

முன்பக்க பிளாஸ்டிக்கைப் பிடுங்கினால், மடிப்புகளில் கறுப்பாக ஒரு பொடி. சாதாரணத் தூசி சாம்பல் நிறத்தில் பஞ்சு மாதிரி உருளும். இது விரலில் மை போல ஒட்டுகிறது, துணியில் துடைத்தால் இழுபடுகிறது. நிலக்கரி. துறைமுகத்தில் கரி இறங்கிய காலத்தில் ராயபுரத்தில் கொடியில் காயும் வேட்டியே கறுக்கும். உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு 2011-ல் அது எண்ணூருக்குப் போனது. நமக்கு விட்டது, அவர்களுக்குப் பிடித்தது.

துரு நான் நினைத்த அளவுக்கு இல்லை. தகட்டின் பரப்பில் துத்தநாகப் பூச்சு இருப்பதால் அங்கே சுத்தமாக இருக்கிறது. வெட்டுப்பட்ட விளிம்புகளிலும் அடித்தட்டில் கீறல் விழுந்த இடங்களிலும்தான் உப்புக்காற்று வேலையைக் காட்டியிருக்கிறது. எமரி பேப்பர் போட்டுத் தேய்த்து ரெட் ஆக்சைடு அடித்தாயிற்று.

மே 10, சனி

ரிச்சி ஸ்ட்ரீட். போர்டு வாங்கியதோடு கேபினட்டுகளையும் பார்த்தேன், பையனுக்காக. விலை குறைந்தவற்றைத் தூக்கினால் ஒற்றைக் கையில் வருகிறது. பக்கத் தகட்டைக் கட்டை விரலால் அழுத்தினால் உள்ளே போய் 'டொக்' என்று திரும்புகிறது. அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. என்னுடையது 0.8. முகப்பு முழுக்கக் கண்ணாடி, அதற்குள் வண்ண விளக்கோடு மூன்று ஃபேன். அந்த ஃபேனெல்லாம் காற்றை எங்கிருந்து இழுக்கும் என்று கேட்டேன். "லுக்குக்குதாண்ணா வாங்குறாங்க" என்றான் கடைப் பையன், ஒளிக்காமல். முகப்பில் வலை வைத்த நல்ல கேபினட்டுகளும் இருக்கின்றன, ஆனால் அந்தக் காசுக்கு நான் எஸ்எஸ்டி வாங்கிவிடுவேன்.

மே 12, திங்கள்

பழைய கேபினட்டின் உண்மையான குறை காற்று. முன்னால் 80 மில்லிமீட்டர் ஃபேனுக்குத்தான் இடம், அதிலும் தகட்டில் சின்னச் சின்னப் பொத்தல்கள். 120 ஃபேன் என்றால் அதே காற்றை மெதுவாகச் சுற்றியே தள்ளும், சத்தமும் குறையும். வட்டமாக வெட்ட வேண்டும்.

காசிமேட்டுப் பட்டறைக்கு எடுத்துப் போனேன். மீன்பிடித் தடைக்காலம், ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. எல்லாப் படகு வேலையும் இப்போதுதான் நடக்கும், பட்டறையில் நிற்க இடமில்லை. "இன்னா சார், டிவி பொட்டியா?" என்றார் அண்ணன். ஃபேனின் திருகு ஓட்டைகளுக்கு இடையே 105 மில்லிமீட்டர். அட்டையில் வரைந்து கொண்டுபோயிருந்தேன். அதைத் தகட்டில் ஒட்டி, ஓரமாக டிரில் போட்டு, வெட்டி, அரம் பிடித்துக் கொடுத்தார். "தகரம் கெட்டி சார், இப்பல்லாம் ஏது இப்டி" என்றதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான். கூலி வாங்க மாட்டேன் என்றார், டீக்கு வைத்துவிட்டு வந்தேன்.

இரும்புத்தூள் ஒன்று ஒட்டியிருந்தாலும் போர்டில் ஷார்ட் ஆகும். காந்தம் வைத்துத் தடவி, கழுவி, வெயிலில் வைத்தேன்.

மே 14, புதன்

மாட்டியாயிற்று. பெரிய போர்டுக்காக இருந்த பித்தளைத் தண்டுகளில் மூன்று, புது போர்டின் ஓட்டைக்கு நேராக வரவில்லை. கழற்றிவிட்டேன். விட்டிருந்தால் பின்பக்கத்தை உரசும்.

நேரம் தின்றது பவர் எல்இடி, மெஷின் ஓடுவதைக் காட்டும் முகப்பு விளக்கு. பழைய பிளக்கில் மூன்று துளை, நடுவில் காலி. புது போர்டில் இரண்டு பின் பக்கத்தில் பக்கத்தில். குண்டூசியால் பிளாஸ்டிக் நாக்கை லேசாக நெம்பி, உள்ளே இருக்கும் பித்தளை முனையை உருவி, நடுத் துளையில் செருகினேன். நாக்கு மீண்டும் 'கிளிக்' என்று பிடித்தது. விளக்கு எரிந்தது. புதுக் கேபினட் வாங்கச் சொல்கிறவர்கள் முதலில் சொல்லும் காரணம் இந்த ஒயர்கள்தான்!

முன்பக்க யூஎஸ்பி பழைய 2.0. போர்டில் அதே 9 பின் இன்னும் இருக்கிறது, வேலை செய்கிறது.

மே 18, ஞாயிறு

மதியம் அறையில் 35 டிகிரி. பிராசஸரை முழு வேகத்தில் அரை மணி நேரம் ஓட்டினேன். வெட்டிய இடத்தை அட்டையால் அடைத்தால் பிராசஸர் சூடு 84 டிகிரி, திறந்துவிட்டால் 73. பிராசஸரோடு வந்த கூலரே போதும். உயரமான டவர் கூலர் இதற்குள் போகாது, பக்கத் தகடு இடிக்கும். ஃபேனுக்கு முன்னால் கொசுவலையை இரட்டையாக மடித்து ஒட்டியிருக்கிறேன், மாதம் ஒருமுறை அலச வேண்டும்.

ஃபிளாப்பி டிரைவ் இருந்த இடத்தில் மாட்டுகிற யூஎஸ்பி 3.0 பேனல் ஒன்று கிடைக்கிறது, 19 பின் ஒயரோடு. அதைச் சொல்லி வைத்திருக்கிறேன்.

பையன் கிராபிக்ஸ் கார்டு பேச்சை எடுத்தான். அதற்கு இது ஆகாது; ஹார்டு டிஸ்க் கூண்டு குறுக்கே நிற்கிறது, நீளமான கார்டு இடிக்கும். அவனுக்குத் தனியாக வாங்கும்போது முகப்பில் வலை வைத்ததாகப் பார்ப்போம் என்றேன். பக்கத்தில் மட்டும் கண்ணாடி இருக்கட்டும் என்கிறான். சரி, பக்கத்தில் இருந்துவிட்டுப் போகட்டும்.