பம்பு செட் கொட்டகையில் ஓடும் இறுதியாண்டு புராஜெக்ட்

போர்வெல்லில் தண்ணீர் வற்றினால் மோட்டாரைத் தானே நிறுத்தும் கருவி, இஇஇ, இசிஇ மாணவர்கள் அடிக்கடி எடுக்கும் தலைப்பு. லேப் மேசையில் பல்பை வைத்துக் காட்டினாலே மார்க் வந்துவிடும். குடியாத்தம் பக்கம் ஒரு தென்னந்தோப்பில், 5 எச்பி சப்மெர்சிபிள் மோட்டாரோடு அதைக் கோடை முழுக்க ஓட்ட எங்கள் குழு செய்த மாற்றங்கள் இவை.

முதலில் சென்சார். ஒயரைச் சுற்றி மாட்டி கரண்டை அளக்கும் எஸ்சிடி-013 கிளாம்ப், 100 ஆம்பியருக்கு 50 மில்லி ஆம்பியர் தரும். மோட்டார் இழுப்பதோ 7 ஆம்ஸ் சொச்சம். 33 ஓம் ரெசிஸ்டரில் 0.12 வோல்ட்தான் கிடைக்கும். கருவியின் மூளையான இஎஸ்பி32 சிப்பில், வோல்டேஜை எண்ணாக மாற்றும் ஏடிசியின் இரைச்சலில் அது கரைந்துவிடும். ஒரு ஃபேஸ் ஒயரை கிளாம்புக்குள் 5 சுற்று விட்டால் சிக்னல் ஐந்து மடங்காகும். சிக்னலை நடுவில் நிறுத்த 1.65 வோல்ட் பயஸ் கொடுங்கள், ஏடிசி தன் அளவின் இரு ஓரங்களிலும் சரியாக அளக்காது. வைஃபை ஓடும்போது ஏடிசி2 பின்களும் பயன்படாது; 32 முதல் 39 வரையுள்ள ஏடிசி1 பின்களை எடுங்கள்.

ஆம்ஸ் குறைந்தால் நிறுத்து என்பதே முதல் புரோகிராம். ஸ்டார்டர் பெட்டியைத் திறந்துகொண்டே தோப்புக்காரர் கேட்டார்: "வோல்டேஜ் கம்மியா வந்தா ஆம்ஸ் ஏறுமே தம்பி, அது உங்க மிஷினுக்குத் தெரியுமா?" மிகச் சரியான கேள்வி. போர் வற்றும்வரை காத்திருந்து, டாங் டெஸ்டரும் (ஆம்ஸ் அளக்கும் கிடுக்கி மீட்டர்) பவர் மீட்டரும் வைத்து அளந்தோம். இறைக்கும்போது 7.2 ஆம்ஸ், 4.1 கிலோவாட். வறண்டதும் 4.6 ஆம்ஸ், 1.4 கிலோவாட். ஆம்ஸ் மூன்றில் ஒரு பங்குதான் குறைகிறது. பவர் மூன்றில் ஒரு பங்காகவே சுருங்கிவிடுகிறது, ஏனென்றால் பவர் ஃபேக்டரும் (இழுக்கும் கரண்டில் உண்மையில் வேலை செய்யும் பங்கு) சேர்ந்து விழுகிறது. ஆகவே இசட்எம்பிடி101பி வோல்டேஜ் சென்சாரையும் சேர்த்துப் பவரைக் கணக்கிட்டோம். இந்த அளவை எடுக்கும்போது வறண்ட மோட்டாரை 10 விநாடிக்கு மேல் ஓட விடாதீர்கள். அதன் பேரிங்குக்குத் தண்ணீர்தான் எண்ணெய்.

ரிலேதான் பலரும் தவறும் இடம். இஎஸ்பி32 இயக்கும் சுவிட்சான சிறிய நீல ரிலே 250 வோல்ட் ஏசி வரைக்கானது. ஸ்டார்டரைப் பிடித்து வைக்கும் காயிலோ பெரும்பாலும் இரண்டு ஃபேஸுக்கு நடுவே, 415 வோல்ட்டில் இருக்கும். நேரே கொடுத்தால் கான்டாக்ட் பொறி பறந்து ஒட்டிக்கொள்ளும். நிற்க வேண்டிய நேரத்தில் மோட்டார் நிற்காது. நடுவில் 230 வோல்ட் காயிலுள்ள ஒரு சின்ன கான்டாக்டர் (பெரிய ரிலே போன்ற சுவிட்ச்) போடுங்கள். கொட்டகையில் நியூட்ரல் இல்லையென்றால் 415/230 கன்ட்ரோல் டிரான்ஸ்பார்மர் வேண்டும். அந்தக் காயில் விடும்போதெல்லாம் இஎஸ்பி32 ரீசெட் ஆனது. காயிலுக்குக் குறுக்கே 100 ஓம் ரெசிஸ்டரையும், மெயின் வோல்டேஜுக்கான 0.1 மைக்ரோஃபாரட் எக்ஸ்2 கெப்பாசிட்டரையும் தொடராகச் சேர்த்த பிறகு ஒருமுறைகூட ஆகவில்லை. மெயின் இணைப்பை மட்டும் லைசென்ஸ் உள்ள ஒயர்மேனே செய்ய வேண்டும்.

பெட்டிக்கு, ஒயர் நுழையும் துளையை இறுக்கி அடைக்கும் கேபிள் கிளாண்ட் அவசியம். பழைய ஸ்டார்டருக்குள் குளவிக்கூடும், கான்டாக்ட்டுக்கு நடுவே கருகிய பல்லியும் இருந்தன. கத்திரி வெயிலில் தகரக் கூரைக்கடியில் பவர் சப்ளை சூடேறும். வடக்குச் சுவரில், தரையிலிருந்து நாலடி உயரத்தில் மாட்டினோம்.

நிறுத்தும் அளவு 2.6 கிலோவாட் என்று எங்கள் எண்ணை அப்படியே எடுக்காதீர்கள். அது அந்த ஒரு போருக்கு. பம்பை மாற்றினாலும், நீர்மட்டம் இறங்கினாலும் திரும்ப அளந்து மாற்ற வேண்டும்.