கடன் கடன்தானுங்க

"ஏங்கண்ணு, மூணு வருசம் தாண்டிருச்சுன்னா கட்டோணும்னு இல்லைன்னு பக்கத்துப் பட்டறைக்காரரு சொல்றாரே, நெசமா?"

"கடன் கடன்தானுங்க ஐயா."

அவ்வளவுதான். அவர் நாலைந்து நொடி பேசவில்லை. பின்னால் ஓவர்லாக் தையல் மெஷின் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம், "செரி, எவ்வளவுன்னு முடிச்சுக் குடுப்பீங்க?" என்றார். 2022 செப்டம்பர், ஒரு சனிக்கிழமை மதியம். வங்கிக்காகக் கிரெடிட் கார்டு பாக்கி வசூலிக்கும் ஏஜென்சியிலிருந்து நான் அவரைக் கூப்பிட்டிருந்தேன். அந்த அழைப்புக்குத் தரச் சோதனையில் நூற்றுக்கு 96 கிடைத்தது. கடைசியில் தொகையைத் திருப்பிச் சொல்லாததற்கு 4 மார்க் போனது.

என் பதிலில் பொய் இல்லை. காலவரம்புச் சட்டம், 1963 சொல்வது இதுதான்: மூன்று வருடம் கழிந்தால் கடன் கொடுத்தவர் கோர்ட்டுக்குப் போகும் வழி அடைபடும், கடன் செத்துவிடாது. எந்த வக்கீலிடம் கேட்டாலும் என் வாக்கியத்தில் தப்புக் கண்டுபிடிக்க மாட்டார். ஆனால் அவர் கேட்டது கடன் இருக்கிறதா என்றல்ல, கட்டியே ஆக வேண்டுமா என்று. அந்தக் கேள்வியை விட்டுவிட்டுப் பக்கத்துக் கேள்விக்குப் பதில் சொன்னேன். தெரியாமல் சொன்னதாக இருந்தால் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

அவருடைய கணக்கு அப்போது ரைட் ஆஃப் ஆகி மூன்றரை வருடத்துக்கு மேல். மினிமம் டியூ முழுசாகக் கட்டாமல் 90 நாள் போனால் கார்டு வாராக்கடன். பெரும்பாலான வங்கிகளில் 180 நாளில் ரைட் ஆஃப். பத்திரிகைகள் இதைத் 'தள்ளுபடி' என்று போட்டுப் போட்டு ஜனங்களைக் குழப்பிவிட்டார்கள். தினம் நாலு பேராவது தங்கள் கடன் வரலாற்று அறிக்கையான சிபிலைப் பார்த்துவிட்டுக் கேட்பார்கள், "தள்ளுபடி ஆயிருச்சுன்னு சிபில்லயே போட்டிருக்குதுங்களே, அப்பறம் எதுக்குங்க போன் பண்றீங்க?" வங்கி தன் பேரேட்டில்தான் அடித்துப் போடுகிறது, உங்கள் மேல் உள்ள கோரிக்கையை விடுவதில்லை. 2023 ஜூன் 8 அன்று வந்த ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கையிலும் 'டெக்னிக்கல் ரைட் ஆஃப்' என்பதற்கு இதே விளக்கம்தான். எங்கள் மாதிரி ஏஜென்சிக்கு அது முடிவும் இல்லை. கணக்கு எவ்வளவு பழசோ கமிஷன் விகிதம் அவ்வளவு கூடுதல்.

அவர் கார்டின் லிமிட் 75,000. அசல் நிலுவை 68,000. சிஸ்டத்தில் காட்டியது 2,11,000. வட்டி மாதம் 3.5 சதவீதம், அந்த வட்டியின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக 4.13 என்று வையுங்கள். வட்டிக்கு வட்டி போடாமலே 68,000-க்கு மாதம் 2,800 ரூபாய் ஏறும். ஐம்பது மாதத்தில் ஒரு லட்சத்து நாற்பதாயிரம். கார்டு வட்டி 30 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று 2008-இல் தேசிய நுகர்வோர் ஆணையம் சொன்ன தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 20 அன்று ரத்து செய்துவிட்டது. "முப்பதுக்கு மேல வாங்கக்கூடாதுங்களே" என்று இன்னும் சிலர் சண்டைக்கு வருகிறார்கள். அந்த வாதம் இப்போது நிற்காது.

பழைய ஸ்டேட்மென்டைப் பார்த்தால் கதை தானாகத் தெரியும். மாதாமாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஒரே கடை, 20,000, 22,000. கூலிக்குத் துணி தைத்துக் கொடுக்கும் பவர் டேபிள்காரர்களின் கார்டில் இது வழக்கமாகப் பார்ப்பது. சனிக்கிழமை சம்பளம் போட்டே ஆக வேண்டும். ஆர்டர் கொடுத்த பார்ட்டியின் பில் பணம் 90 நாள் இழுக்கும். இரண்டு, இரண்டரை சதவீதம் கமிஷன் கொடுத்துக் கார்டைத் தேய்த்து ரொக்கம் வாங்குவது, அந்த பில்லை அடுத்த கார்டில் தேய்த்துக் கட்டுவது. ஒரு மாதம் ஒரு பார்ட்டி கைவிரித்தால் மொத்தமும் சரியும். இவருக்கு 2018 ஜூனோடு நின்றது.

சனிக்கிழமை மதியம் போன் அடித்ததும் தற்செயல் இல்லை. சம்பளம் போட எடுத்துவந்த பணம் அந்த நேரத்தில்தான் கையில் இருக்கும். காலை 8 மணிக்கு முன்னாலும் இரவு 7 மணிக்குப் பின்னாலும் கூப்பிடக்கூடாது என்று ரிசர்வ் வங்கியின் 2022 ஆகஸ்ட் 12 சுற்றறிக்கை சொன்னது. மதியம் பன்னிரண்டு மணி அதற்கு நன்றாக உள்ளேதான் வருகிறது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். வெளியூர் ஏஜென்சிகளில் மிரட்டிக் கெட்ட பெயர் வாங்குவார்கள். நம் கொங்குப் பக்கத்தில் மிரட்டத் தேவையே இல்லை, 'ங்க' போதும். "வயசான காலத்துல பேரு கெடக்கூடாதுங்களே ஐயா" என்று பதமாகச் சொன்னால் பிடிவாரண்டு என்று கத்துவதைவிட வேகமாக வேலை நடக்கும். பிடிவாரண்டு சும்மா பூச்சாண்டி. கார்டு பாக்கி சிவில் விவகாரம், கட்டாததற்காகப் போலீஸ் வராது. கொடுத்த செக் திரும்பினால்தான் செலாவணி முறிச் சட்டத்தின் 138-ஆம் பிரிவு வழக்கு. ஆட்டோ டெபிட் திரும்பினால் 2007-ஆம் வருடப் பேமென்ட் சட்டத்தின் 25-ஆம் பிரிவு. இவர் செக்கும் கொடுக்கவில்லை, ஆட்டோ டெபிட்டுக்கு அனுமதியும் கொடுக்கவில்லை. கூப்பிட்ட நேரத்துக்கு போனை எடுத்தார், அவ்வளவே.

ஆக, அவருக்கு இரண்டு வழி இருந்தது. பேசாமல் இருந்திருக்கலாம். 68,000 அசலுக்கு வங்கி வக்கீல் வைத்து வழக்குப் போடுவது அபூர்வம். கட்டுக்கட்டாக லோக் அதாலத் நோட்டீஸ் அனுப்பும், அதற்குப் போகாவிட்டால் தண்டனை கிடையாது. போய்க் கையெழுத்துப் போட்டால்தான் அது சிவில் டிகிரிக்குச் சமம், அப்பீலும் இல்லை. அல்லது நான் சொன்ன வழியில் வந்திருக்கலாம். வந்தார்.

என்னை உறுத்துவது பணத்தைவிட அந்தக் கடிதம்தான். செட்டில்மென்ட் கேட்பவர் வங்கிக்கு ஒரு விண்ணப்பம் எழுதித் தர வேண்டும். எங்கள் மேசையில் அதற்கு அச்சிட்ட வாசகம் உண்டு: 'எனது கார்டில் ரூ. 2,11,000 நிலுவை உள்ளதை ஒப்புக்கொள்கிறேன். நிதி நெருக்கடியால் ரூ. 30,000 கட்டி முடித்துக்கொள்ளச் சம்மதிக்கிறேன்.' கீழே கையெழுத்து, தேதி. சாதாரணமாகத்தான் தெரியும். மூன்று வருடத்துக்குள் எழுதித் தந்தால் காலவரம்புச் சட்டத்தின் 18-ஆம் பிரிவின்படி அன்றிலிருந்து கணக்கு மறுபடி மூன்று வருடம். பகுதிப் பணம் கட்டினாலும் அப்படித்தான், 19-ஆம் பிரிவு. ஆனால் அதற்குக் கட்டியவர் கையெழுத்தோடு எழுத்து ஆதாரம் வேண்டும், சும்மா ஜிபேயில் 500 ரூபாய் தட்டிவிட்டது மட்டும் போதாது. மூன்று வருடம் முடிந்த பிறகு எழுதினால் 18, 19 இரண்டும் உதவாது. அப்போது ஒப்பந்தச் சட்டத்தின் 25(3) வரும்: காலம் கடந்த கடனையும் கட்டுகிறேன் என்று கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுத்தால் அது செல்லும். தவணை ஒன்று தவறினால் செட்டில்மென்ட் ரத்து, கட்டியது வட்டியில் கழியும், கையெழுத்துப் போட்ட காகிதம் வங்கியிடம் இருக்கும். எழுதுகிறவர் 2,11,000 என்ற எண்ணை ஒப்புக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லை. 'நிலுவைத் தொகையில் எனக்கு மறுப்பு உண்டு, விவகாரத்தை முடிக்க மட்டும் இதை எழுதுகிறேன்' என்று ஒரு வரி சேர்த்தால் போதும். அதை நான் சொல்லித் தரவில்லை. என் வேலை அது இல்லை என்று அப்போது நினைத்தேன். இப்போதும் பாதி நாள் அப்படித்தான் நினைக்கிறேன்.

மீதியை ஒழுங்காகச் செய்தேன், அதையும் சொல்லிக்கொள்கிறேன். லெட்டர் கையில் வராமல் ஒரு ரூபாய் கட்டாதீங்க என்றேன். லெட்டர் வங்கியின் சொந்த மின்னஞ்சலிலிருந்து வர வேண்டும். கார்டின் கடைசி நாலு எண், மொத்தத் தொகை, தவணைத் தேதி, 'முழுமையான இறுதித் தீர்வு' என்ற சொல் நாலும் இருக்க வேண்டும். பணம் கார்டு எண்ணுக்கே போக வேண்டும், எந்த ஏஜென்ட் கணக்குக்கும் போகக்கூடாது. கணக்கைச் சொத்து மறுசீரமைப்பு நிறுவனத்துக்கு விற்றிருந்தால் லெட்டர் அவர்களிடமிருந்துதான் வர வேண்டும், பழைய வங்கி கொடுத்தால் செல்லாது. "அப்ப லெட்டரத் தாட்டி உடு கண்ணு" என்றார். 55,000-இல் ஆரம்பித்த பேச்சு 30,000-க்கு வந்தது. இதற்குக் கீழே இறங்கக்கூடாது என்று எனக்கு இருந்த வரம்பு 28,000. அந்த 2,000-ஐயும் விட்டிருக்கலாம். பத்தாயிரமாக மூன்று தவணை, மாதம் 10-ஆம் தேதிக்குள். எதையும் தவறவிடவில்லை. இரண்டாவதுக்குப் பழைய ஓவர்லாக் ஒன்றைக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். அதற்கு என்ன சொல்வது என்று தெரியாமல், பணம் அனுப்பியதற்கான யுடிஆர் எண்ணைக் கேட்டு வாங்கினேன்.

அப்புறம் ஒரு நாள் உட்கார்ந்து தேதிகளை எண்ணிப் பார்த்தேன். 2018 ஜூலை 5 கட்ட வேண்டிய நாள். மூன்று வருடம் 2021 ஜூலையோடு முடிந்தது என்பதுதான் அதுவரை என் தலையில் இருந்த கணக்கு. கொரோனாவை மறந்துவிட்டேன். 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையிலான நாட்களைக் காலவரம்பில் சேர்க்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2022 ஜனவரி 10 அன்று உத்தரவிட்டது. அதைக் கழித்தால் மீதி பதினைந்தரை மாதம், 2022 மார்ச் 1-லிருந்து எண்ண வேண்டும். அதாவது 2023 ஜூன் வரை வங்கி வழக்குப் போட்டிருக்க முடியும். பட்டறைக்காரர் சொன்னது தப்பு. நான் சொன்னது சரி, நான் நினைத்ததைவிட அதிகமாகவே சரி.

நிம்மதி வந்திருக்க வேண்டும், வரவில்லை. ஏனென்றால் அந்தச் சனிக்கிழமை காலம் கடந்த கணக்கு என்று நம்பிக்கொண்டுதான் அப்படிச் சொன்னேன். கணக்கு உயிரோடு இருந்தது என் புண்ணியத்தால் அல்ல. ஒப்பந்தச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில், சும்மா இருப்பது மோசடி ஆகாது என்று ஒரு விளக்கம் உண்டு. பேச வேண்டிய கடமை இருந்தாலோ, மௌனமே பேச்சுக்குச் சமமாக இருந்தாலோ தவிர என்று அடுத்த வரி. வசூல்காரனுக்குப் பேச வேண்டிய கடமை இல்லை, அது சரி. "கண்ணு" என்று கூப்பிட்டுக் கேட்டவரிடம்? சட்டப் புத்தகத்தில் அதற்கு இடம் இல்லை. நான் மௌனமாகவும் இல்லை.

எதிர்த்தரப்பு வாதமும் இருக்கிறது. மூன்றாவது தவணையின்போதுதான் சொன்னார்: பையன் வீட்டுக் கடனுக்குப் போனபோது இவரையும் சேர்த்துக் கையெழுத்துக் கேட்டிருக்கிறார்கள், சிபிலில் இந்த ரைட் ஆஃப் இருந்ததால் ஃபைல் திரும்பிவிட்டது. அப்படியானால் கட்டியது வீண் இல்லை. ஆனால் செட்டில்மென்ட் ஆனாலும் சிபிலில் 'ரைட் ஆஃபுக்குப் பின் செட்டில்டு' என்றுதான் வரும், 'குளோஸ்டு' என்று வராது. ஏழு வருடத்தில் அழிந்துவிடும் என்பதும் பாதி உண்மை. குறைந்தது ஏழு வருடம் வைத்திருக்க வேண்டும் என்பதே விதி. பல வங்கிகள் செட்டில்டு என்று பார்த்ததும் ஒதுக்கும், சிலது பாக்கி இல்லை என்ற நோ டியூ சான்றைக் காட்டினால் யோசிக்கும். அதை அவரிடம் சொன்னேன். மூன்றாவது தவணை ஏறிய பிறகு சொன்னேன்.

இப்போது யாராவது அதே கேள்வியைக் கேட்டால், "கோர்ட்டுக்குப் போறதுக்குத்தானுங்க மூணு வருசம், உங்க தேதிய ஒரு வக்கீல்கிட்டக் காட்டிக் கேட்டுக்குங்க" என்கிறேன். பத்து நொடிதான் கூடுதலாகிறது. பாதிப்பேர் அதோடு போனை வைத்துவிடுகிறார்கள். அந்த மாத வசூல் எண்ணிக்கையைப் பார்க்கும்போது, அவர்களில் எத்தனை பேருக்குக் கட்டி முடிப்பதே நல்லதாக இருந்திருக்கும் என்றும் தோன்றும்.

நோ டியூ கூரியரில் வந்த அன்று அவரே கூப்பிட்டார். "லேமினேசன் போட்டு வெச்சுக்கட்டுமா கண்ணு?"

போட வேண்டாங்க ஐயா என்றேன். ஒரிஜினலை லேமினேட் செய்தால் சீல், கையெழுத்துச் சரிபார்க்க மாட்டார்கள். பிளாஸ்டிக் கவரில் போட்டு வையுங்கள், மூன்று ஜெராக்ஸ் எடுங்கள், போட்டோ எடுத்துப் பையன் போனுக்கு அனுப்புங்கள். மூன்று பணச் சீட்டையும் கூடவே குத்தி வையுங்கள். நாற்பத்தைந்து நாள் கழித்து சிபில் எடுத்துப் பாருங்கள், பாக்கி 0 என்று இல்லாவிட்டால் வங்கிக்கு எழுதுங்கள், முப்பது நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஓம்புட்ஸ்மேன்.

"இரு கண்ணு, பேனா எடுத்துக்கறேன்" என்றார். முதலிலிருந்து மறுபடி சொன்னேன்.