8 இன்ச் வூஃபருக்குப் புது ஃபோம்: உரசலை ஒழித்தது ஷிம்தான்

இடது ஸ்பீக்கரின் வூஃபர் (பேஸ் ஒலிக்கான பெரிய டிரைவர்), கோனின் ஓரத்தில் இருக்கும் ஃபோம் வளையத்தை மாற்றிய பிறகு, கடைசியில் உரசாமல் ஓடுகிறது. 30 ஹெர்ட்ஸ் சைன் டோனைக் குறைந்த வால்யூமில் ஓடவிட்டு, கோனுக்கு (அசைந்து ஒலி எழுப்பும் கூம்பு) ஒரு சாண் தள்ளிக் காதை வைத்தால் சுத்தமான உறுமல் மட்டும்தான். அடியில் இருந்த அந்தக் கரகரப்பு போயே போய்விட்டது. மூன்றாவது முயற்சியில் கிடைத்த வெற்றி இது. முதல் இரண்டு முயற்சிகளில் இரண்டு ஃபோம் வளையங்கள் வீண்.

டிரைவர் விவரம்: காகிதக் கோன், 25 மிமீ வாய்ஸ் காயில் (கோனின் அடியில் காந்த இடைவெளிக்குள் அசையும் கம்பிச்சுருள்), மூடிய பெட்டி, மல்டிமீட்டரில் 5.8 ஓம் (8 ஓம் ஸ்பீக்கருக்கு இது சரியான அளவு). காயில் நன்றாக இருந்தது, ஸ்பைடரும் (காயிலின் கழுத்தைப் பிடித்திருக்கும் மடிப்புத் துணி) நன்றாக இருந்தது, ஃபோம் மட்டும் தொட்டால் உதிர்ந்தது. பாலியூரிதேன் ஃபோமின் குணமே அப்படித்தான். ஈரக்காற்று அதை உள்ளிருந்தே அரிக்கும். பாட்டு கேட்டாலும் கேட்காவிட்டாலும் பதினைந்து இருபது வருடத்தில் ஆயுள் முடிந்துவிடும். அதற்காக ரப்பர் வளையம் போட்டுவிடலாம் என்று தாவ வேண்டாம். ரப்பர் கனம் கூடியது, விறைப்பும் வேறு. கோனின் ஒத்ததிர்வு இடம் மாறிவிடும், பெட்டியின் கணக்கு கெட்டுவிடும்.

பழைய ஃபோமைச் சுரண்டுவது பொறுமை வேலை, அவ்வளவுதான். ஐசோப்ரோபைல் ஆல்கஹாலைக் காது குடையும் பஞ்சில் தொட்டு, காகிதம் ஊறாத அளவுக்கு மட்டும் தடவ வேண்டும். ஐந்து நிமிடத்தில் பழைய பசை இளகும், பிளாஸ்டிக் சுரண்டியால் தள்ளினால் வந்துவிடும். கோன் விளிம்பை விட இரும்புச் சட்டத்தின் விளிம்புதான் முழுக்கச் சுத்தமாக இருக்க வேண்டும். அங்கே அரை மிமீ பசைத் திட்டு நின்றாலும் புது ஃபோம் ஒரு பக்கம் தூக்கி உட்காரும்.

இனி சென்டரிங், அதாவது காயிலை எங்கும் உரசாமல் நடுவில் நிறுத்துவது. முதல் முயற்சியில் டஸ்ட் கேப்பை (கோனின் நடுவில் இருக்கும் குமிழ் மூடி) வெட்டாமல் டோன் முறையில் செய்தேன். ஃபோமைக் கோனில் ஒட்டிக் காயவிட்டு, சட்டத்தில் பசை தடவி, டோன் ஓடும்போதே விளிம்பை அப்படியும் இப்படியும் நகர்த்தி, உரசல் நிற்கும் இடத்தில் அழுத்திப் பிடிப்பது இந்த முறை. சைன் டோனில் மேல் சுருதிகளே கிடையாது என்பதால் லேசான உரசலும் தனியாகக் கேட்கும். பாட்டை ஓட்டிப் பார்த்தால் பிடிபடாது. மல்லாக்கப் படுத்திருந்தவரை சத்தமே இல்லை. காய்ந்ததும் நிமிர்த்தி வைத்தால் உரசல். டஸ்ட் கேப் மூடியிருப்பதால் எந்தப் பக்கம் உரசுகிறது என்று பார்க்கவும் வழியில்லை. கேப்பை மிச்சம் பிடிக்கிறேன் என்று ஒரு ஃபோம் செட்டையே இழப்பது நல்ல கணக்கு இல்லை. கேப்பை வெட்டி, ஷிம் (காயிலுக்கும் அதன் நடுவில் நிற்கும் இரும்புத் தண்டான போல் பீஸுக்கும் இடையில் செருகும் மெல்லிய துண்டு) வைத்துத்தான் செய்ய வேண்டும் என்பதில் இப்போது எனக்குச் சந்தேகமே கிடையாது.

இரண்டாவது முயற்சியில் ஷிம் வைத்தும் உரசியது. காரணம் புரிந்தபோதுதான் இந்த வேலையின் சூட்சுமமே புரிந்தது. ஃபோம் ஒரு மிமீ ஓரம் போய் ஒட்டினால் காயில் ஒரு மிமீ நகர்ந்துவிடாது. காயிலின் கழுத்தை ஸ்பைடர் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதனால் கோன் நகராமல் சாயும். மேல் விளிம்பு வலப்பக்கம் போனால், ஸ்பைடருக்குக் கீழே இருக்கும் காயிலின் அடிப்பகுதி இடப்பக்கம் போய்ப் போல் பீஸில் முட்டும். நான் வைத்த காகிதத் துண்டுகள் போல் பீஸின் தலையில் நாலைந்து மிமீ மட்டுமே இறங்கியிருந்தன. மேலே சென்டராக இருந்தது, கீழே சாய்ந்தே இருந்தது. காகிதம் அழுத்தினால் நசுங்கும் என்பது இன்னொரு கோளாறு.

மூன்றாவது முறை செய்தது இது. ஓவர்ஹெட் ப்ரொஜெக்டருக்குப் பயன்படும் தெளிவான பிளாஸ்டிக் தாளை எடுத்துக்கொண்டேன், ஒரு தாள் ஏறக்குறைய 0.1 மிமீ. 8 மிமீ அகலம், 60 மிமீ நீளத்தில் துண்டுகள். 25 மிமீ காயிலுக்குச் சுற்றளவு 78 மிமீ, ஆறு துண்டுகள் வைத்தால் நடுவில் இடைவெளியும் கிடைக்கும். இரண்டு அடுக்கு தளர்வாக இருந்தது, மூன்று அடுக்கு நுழையவில்லை. இரண்டு அடுக்கோடு ஒரு மெல்லிய பொட்டலத் தாளைச் சேர்த்ததும் சரியாக இறுகியது. துண்டுகளை எதிரெதிராக இறக்க வேண்டும்: 12 மணிக்கு ஒன்று, உடனே 6 மணிக்கு ஒன்று, பிறகு 2, 8, கடைசியாக 4, 10. ஒரே பக்கத்திலிருந்து வரிசையாகச் செருகினால் முதல் துண்டே காயிலை ஓரம் தள்ளிவிடும். ஒவ்வொன்றும் போல் பீஸின் தலையைத் தாண்டி 15 மிமீயாவது இறங்கியிருக்க வேண்டும். இழுத்தால் கொஞ்சம் பிடித்துக்கொண்டு வருவதுதான் சரியான இறுக்கம். கோன் விளிம்பை ஒரு விரலால் தட்டினால் ஆட்டம் இருக்கக் கூடாது. இரும்புத் தகடு மட்டும் வேண்டாம், காந்தம் அதை விடாது. பித்தளைத் தகடு தாராளமாகப் பயன்படும்.

டஸ்ட் கேப்பை வெட்டும்போது பிளேடைப் படுத்தாற்போல் பிடித்து, பசைக்கோட்டில் மட்டும் கீற வேண்டும். ஆழம் போனால் காயிலிலிருந்து வரும் மெல்லிய கம்பி அறுந்துவிடும், அதோடு டிரைவர் முடிந்தது. கேப் வந்த நிமிடமே வாயைக் காகித டேப்பால் மூடிவிடுங்கள். மேசையில் கிடக்கும் ஒரு இரும்புத்தூள் உள்ளே போனாலும் எல்லா வேலையும் வீண். போயே விட்டால் ஷிம் துண்டின் நுனியில் டேப்பை ஒட்டி, சுற்றிலும் துழாவி எடுக்கலாம்.

பசை பற்றிச் சொல்லியாக வேண்டும். கிட்டோடு வந்த குப்பி பாதிக்கு மேல் கெட்டியாகிக் கிடந்தது. தண்ணீரில் கரையும் வெள்ளைப் பசையே இதற்குப் போதும். காய்வதற்குள் நகர்த்தித் திருத்த நேரம் தரும். ரப்பர் பசை தொட்ட இடத்தில் பிடித்துக்கொள்ளும், பழகிய கைக்குத்தான் அது சரி. கோன் பாலிப்ரோப்பிலீனாக இருந்தால் வெள்ளைப் பசை ஒட்டவே ஒட்டாது, அதற்கென்று இருக்கும் பசையை வாங்கியே ஆக வேண்டும். ஃபோம் ஆர்டர் செய்யும்போது "8 இன்ச்" என்ற சொல்லை நம்பி வாங்காதீர்கள். ஃபோமின் வெளி விட்டம், உள் விட்டம், மடிப்பின் அகலம், கோனின் விட்டம் நான்கையும் மிமீயில் அளந்து அனுப்புங்கள். பழைய ஃபோம் கோனின் முன்பக்கம் ஒட்டியிருந்ததா பின்பக்கமா என்பதையும் சுரண்டும் முன்பே குறித்து வையுங்கள்.

பெட்டியில் மாட்டும்போது காஸ்கெட்டில் (டிரைவருக்கும் பெட்டிக்கும் இடையில் காற்றை அடைக்கும் வளையம்) கவனம் வேண்டும். 1954-ல் எட்கர் வில்ச்சர் ஏஆர்-1 ஸ்பீக்கரில் கொண்டுவந்த மூடிய பெட்டி முறையில், உள்ளே அடைபட்ட காற்றுதான் கோனுக்கு முதன்மை ஸ்பிரிங். ஓரத்தில் காற்று கசிந்தால் எவ்வளவு கச்சிதமாக ஃபோம் ஒட்டியிருந்தாலும் பேஸ் தொளதொளக்கும். கோனை மெதுவாக உள்ளே அழுத்திவிட்டால் அது தயங்கித் தயங்கித் திரும்ப வேண்டும், சட்டென்று எழும்பினால் கசிவு இருக்கிறது. துருவத்தை 1.5 வோல்ட் பேட்டரியால் ஒரு நொடி தொட்டுப் பாருங்கள்: பாசிட்டிவ் சிவப்பு முனையில் பட்டால் கோன் முன்னால் வர வேண்டும். பழைய ஜேபிஎல் டிரைவர்களில் இது தலைகீழ் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வலது பக்கம் முடியும் முன்பே கண் கிராஸ்ஓவர் பலகையில் (ஒலியைப் பிரித்து வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் அனுப்பும் சுற்று) நிற்கிறது. இரண்டு பைபோலார் எலெக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்கள், அதே வயது. ஃபிலிம் வகைக்கு மாற்றினால் உள் மின்தடை குறைந்து ட்வீட்டர் (உச்ச ஒலிக்கான சின்ன டிரைவர்) கொஞ்சம் தூக்கிக் கேட்கும். தொடரில் அரை ஓம் ரெசிஸ்டர் சேர்க்க வேண்டுமா என்பதை ஆர்இடபிள்யூ (ரூம் ஈக்யூ விசார்ட்) என்ற ஒலி அளக்கும் மென்பொருளில் அளந்து பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். வாங்கும்போது இரண்டு பெட்டிக்கும் சேர்த்தே வாங்க வேண்டும்.

வலது வூஃபரில் ஃபோம் கோனோடு ஒட்டியாகிவிட்டது. ஆறு ஷிம்மும் உள்ளே இருக்கின்றன, சட்டத்தின் விளிம்பில் பசை தடவித் துணி கிளிப்புகள் போட்டிருக்கிறேன். 24 மணி நேரம் முடியும்வரை ஷிம்மில் கை வைக்கப் போவதில்லை. டஸ்ட் கேப் ஒட்டுவது 30 ஹெர்ட்ஸ் டோனில் தேறிய பிறகுதான்.