உருகியது பிஸ்டன், கெட்டது எது?

"பலமான பிஸ்டன் போட்டுட்டா இனிமே போகாதுல்ல அண்ணே?"

"போகாது" என்று சொல்லியிருந்தால் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும். "இது பலம் பத்தாம போன பிஸ்டன் இல்ல தம்பி" என்றேன். தன் டீசல் வண்டியின் இன்ஜினை என்னிடம் கொண்டுவந்தவன் அவன். உருகிய வார்ப்பு பிஸ்டனுக்குப் பதில் ஃபோர்ஜ்ட் பிஸ்டன், அதாவது அலுமினியத்தை அச்சில் அழுத்திச் செய்தது, போட வேண்டும் என்பது அவன் ஆசை. அதன் பிறகு நடந்த வாக்குவாதம் இன்னும் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. நான் சொன்னது சரி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அவன் கேட்டதிலும் நியாயம் இருந்தது, சிக்கலே அதுதான்.

ஆறு சிலிண்டர் காமன் ரெயில் இன்ஜின், அதாவது எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாயிலிருந்து உயர் அழுத்த டீசல் போகும் வகை. நாலாவது பிஸ்டனின் தலையில் இருக்கும் கிண்ணத்தின் விளிம்பு ஒரு பக்கம் மட்டும் உருகி, பிஸ்டனைச் சுற்றி இருக்கும் ரிங்குகளில் முதலாவதின் பள்ளம் வரை அலுமினியம் வழிந்திருந்தது. மற்ற ஐந்தும் ஒரே சீரான கரி நிறத்தில் இருந்தன. டர்போ ஒன்று, ரெயில் அழுத்தம் ஒன்று, ட்யூனிங்கும் ஒன்று. எரிபொருளை அளவுக்கு மீறி ஏற்றியதுதான் காரணம் என்றால் ஆறிலும் ஏதாவது தடயம் தெரிய வேண்டும். ஒன்று மட்டும் உருகினால், அந்தச் சிலிண்டருக்கென்று தனியாக இருப்பவற்றைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்: டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர், அதன் அடியில் உட்காரும் காப்பர் வாஷர், பிஸ்டனின் அடிப்பக்கம் ஆயில் பீய்ச்சும் ஜெட்.

வாஷரைப் பலர் கண்டுகொள்வதே இல்லை. இன்ஜெக்டரைக் கழற்றும்போது பழைய வாஷர், சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டின் துளை அடியிலேயே ஒட்டிக்கொண்டுவிடும். அதன் மேல் புதியதைப் போட்டு இறுக்கினால், இன்ஜெக்டரின் நாசில் முனை ஒரு வாஷர் கனத்துக்கு மேலே போய்விடும். கிண்ணத்துக்குள் விழ வேண்டிய தெளிப்பு விளிம்பில் அடிக்கும், விளிம்பு வெந்து போகும். இங்கே ஒரே வாஷர்தான் இருந்தது, ஜெட்டும் அடைக்கவில்லை. இன்ஜெக்டரை டெஸ்ட் பெஞ்சில் ஏற்றியதும் விஷயம் தெரிந்தது. நாசில் ஊசி முழுதாக மூடாமல், தெளிப்பு முடிந்த பிறகும் டீசல் சொட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சொட்டு பிஸ்டன் தலைமேலேயே எரியும். எரியாத மிச்சம் சுவரில் இருக்கும் ஆயில் படலத்தைக் கழுவிவிடும்.

"மீட்டர் 650 டிகிரியைத் தாண்டவே இல்லையே அண்ணே" என்றான். பொய் சொல்லவில்லை. ஆனால் புகையின் சூட்டைக் காட்டும் அந்த பைரோமீட்டரின் முனை எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில், பல சிலிண்டர்களின் புகை கலக்கும் இடத்தில் இருக்கிறது. அது காட்டுவது கலந்த சூட்டை. ஐந்து பேர் ஒழுங்காக இருந்து ஒருவன் மட்டும் எரிந்தால் முள் பெரிதாக அசையாது. இன்னொன்றும் சொன்னேன். வார்ப்பு பிஸ்டனுக்குப் பயன்படும் அலுமினியம்–சிலிக்கான் கலவை ஏறக்குறைய 577 டிகிரியிலேயே உருகத் தொடங்கும். 650 டிகிரி புகை போகும் இன்ஜினில் அது பிழைத்திருப்பதற்குக் காரணம், அடியிலிருந்து ஆயிலும், ரிங் வழியாகச் சிலிண்டர் சுவரும் சூட்டை இழுத்துக்கொண்டே இருப்பதுதான். இழுக்கும் வேகத்தை மிஞ்சி ஒரே இடத்தில் தீ நின்றால், பிஸ்டனின் விலையோ தரமோ கைகொடுக்காது.

ஃபோர்ஜ்ட் பிஸ்டனை நான் எதிர்த்ததற்கு இதுதான் முதல் காரணம். அதுவும் அலுமினியம்தான், உருகும் சூடு ஒன்றும் உயர்ந்துவிடாது. அதற்குப் பயன்படும் 2618 என்ற அலுமினியக் கலவையில் சிலிக்கான் மிகக் குறைவு. அதனால் அடி தாங்கும், சட்டென்று விரிசல் விடாது. ஆனால் சூட்டில் அதிகமாக விரிவதால், போரில், அதாவது சிலிண்டர் துளையில், கூடுதல் இடைவெளி விட வேண்டும். குளிர்ந்த இன்ஜினில் தட்டும் சத்தம் கேட்கும், சூடேறும் முன் மிதித்தால் பிஸ்டனின் அடிப்பக்கச் சுவரான ஸ்கர்ட் தேயும். கம்பெனி டீசல் பிஸ்டனின் முதல் ரிங் பள்ளத்தில் நிக்கல் கலந்த இரும்பு வளையம் வைத்து வார்த்திருப்பார்கள், பலவற்றில் தலைக்குள் ஆயில் சுற்றி ஓடும் குடைவும் உண்டு. ஃபோர்ஜ்ட் பிஸ்டன்கள் பெரும்பாலும் இந்த இரண்டும் இல்லாமல்தான் வருகின்றன. பள்ளம் சீக்கிரம் தேயும், ரிங் ஆடும், இன்ஜினின் அடிப்பகுதியான கிராங்க்கேஸுக்குள் புகை இறங்கும். சூட்டைப் பொறுத்தவரை பழைய பிஸ்டன்தான் ஒருபடி மேல்.

"உங்களுக்குப் புது பார்ட் மேல நம்பிக்கையே இல்லையாண்ணே?" என்று கேட்டான். அது கொஞ்சம் வலித்தது. அவன் எட்ட நினைக்கும் பவருக்கு டர்போ தள்ளும் காற்றழுத்தமான பூஸ்ட்டும், டீசலை முன்கூட்டியே தெளிக்கும் டைமிங் அட்வான்ஸும் ஏறத்தான் வேண்டும். இரண்டும் சேர்ந்து சிலிண்டருக்குள் அழுத்தத்தை ஏற்றும்போது, வார்ப்பு பிஸ்டன் கிண்ணத்தின் குறுக்கே, பிஸ்டனை ராடோடு இணைக்கும் பின் (pin) இருக்கும் திசையில் விரிசல் விடுவது எல்லோருக்கும் தெரிந்த நோய். ஃபோர்ஜ்ட் அங்கே நிச்சயமாகத் தாங்கும். ஆக, நடந்து முடிந்த சேதத்தை வைத்து நான் பேசினேன், வரப்போகும் சேதத்தை வைத்து அவன் பேசினான். இதில் யார் பேச்சு எடுபட வேண்டும் என்று எனக்கு இன்றும் தெளிவில்லை. காசு அவனுடையது என்பது ஒரு பதில்தான், முழுப் பதில் இல்லை.

கடைசியில் இரண்டும் நடந்தது. ஆறு இன்ஜெக்டரையும் சோதித்து, கெட்டதை மாற்றி, ஆறும் தெளிக்கும் டீசல் அளவு ஒத்துப்போகும்படி செய்த பிறகே ஃபோர்ஜ்ட் செட் உள்ளே போனது. எடை ஒத்துவராது என்பதால் ஒன்றை மட்டும் மாற்றும் பேச்சுக்கே இடமில்லை. ரிங்கின் இரு முனைக்கும் நடுவில் விடும் இடைவெளிக்கு போர் அளவில் 0.0045 பங்கு என்பது பூஸ்ட் ஏற்றும் டீசலுக்குப் பலர் தொடங்கும் இடம். 102 மி.மீ. போருக்கு 0.46 மி.மீ. வரும், பிஸ்டன் கொடுத்தவர் தாளில் அதைவிடக் கூட இருந்தால் அதுதான் கணக்கு. குறைத்து வைத்தால் சூட்டில் ரிங்கின் இரு முனையும் முட்டி, ரிங் பள்ளங்களுக்கு நடுவில் இருக்கும் லேண்டைப் பிளந்துவிடும். ராடு போல்ட்டை ஏஆர்பி (ARP) என்ற கம்பெனியின் போல்ட்டுக்கு மாற்றியதால், ராடு கிராங்கைப் பிடிக்கும் பிக் எண்ட் துளையை இறுக்கி அளந்து, வட்டம் தப்பியதைத் திரும்பச் சரிசெய்ய வேண்டியிருந்தது. ஹெட்டைப் பிடிக்கும் ஸ்டட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்ற டார்க் எண், ஸ்டட்டுடன் வரும் மசகுக்கு மட்டுமே பொருந்தும். இன்ஜின் ஆயில் தடவி அதே எண்ணுக்கு இறுக்கினால் பிடிமானம் குறையும், பூஸ்ட் ஏறும்போது ஹெட் தூக்கும். ஆயில் கூலரைக் கழுவிப் போடலாம் என்று அவன் கேட்டபோது மட்டும் நான் இறங்கி வரவில்லை. அலுமினியத் தூள் புகுந்த கூலர் எத்தனை முறை கழுவினாலும் சுத்தமாகாது, புது பேரிங்கைத் தின்றுவிடும்.

இன்ஜின் இப்போது நன்றாக ஓடுகிறது. பிஸ்டன்தான் காப்பாற்றியது என்று அவன் எல்லோரிடமும் சொல்கிறான். இன்ஜெக்டர் என்கிறேன் நான். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றியதால் அவனுடையதும் நிரூபணம் இல்லை, என்னுடையதும் இல்லை. இன்ஜெக்டரை மட்டும் சரிசெய்து, பழைய ஐந்து பிஸ்டனோடு அதே வார்ப்பு வகையில் ஒரு புதியதைச் சேர்த்து ஓட்டியிருந்தால் தெரிந்திருக்கும், ஆனால் அப்படிச் சோதித்துப் பார்க்க அது என் வண்டி இல்லை.

இப்போது பூஸ்ட்டை இன்னும் ஏற்றலாமா என்று கேட்கிறான். எக்ஸாஸ்ட் போர்ட் ஒவ்வொன்றிலும் தனித்தனி வெப்ப முனை வைத்து, ஆறும் எவ்வளவு வித்தியாசத்தில் ஓடுகின்றன என்று பார்த்துவிட்டுப் பேசுவோம் என்றேன். "பிஸ்டன்தான் தாங்குமே அண்ணே" என்கிறான்.