உப்பும் மிளகும் தையல்நாயகிக்கு

என் தோழிக்கு டயாலிசிஸ் திங்கள், புதன், வெள்ளி. வைத்தீஸ்வரன்கோவிலுக்குச் செவ்வாய்க்கிழமையில் அனுப்புகிறேன் என்று அவள் அம்மா வேண்டிக்கொண்டிருந்தார். போன ஐப்பசியில் கிருமி ரத்தத்தில் கலந்து ஐசியூவில் கிடந்தாளே, அப்போது வைத்த வேண்டுதல். அம்மாவுக்கு இப்போது முழங்கால் ஒத்துழைக்கவில்லை. துணைக்கு நான் போனேன். விடியற்காலையிலேயே சிதம்பரத்திலிருந்து கிளம்பிவிட்டோம்.

காரை விட்டு இறங்குவதற்குள் நாடி ஜோதிடத்துக்கு ஆள் பிடிப்பவர்கள் சூழ்ந்துகொண்டார்கள். நோயோடு சாமியைத் தேடி வருகிறவர்களை இப்படி வழிமறிப்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. "கட்டைவிரல் ரேகை மட்டும் குடுங்கம்மா, உங்க வியாதி ஓலையில இருக்கும்" என்றார் ஒருவர்.

"வியாதி ஃபைல்லயே இருக்குண்ணே. ரத்தத்துல கிரியாட்டினின் கழிவு எப்ப குறையும்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க" என்றாள் தோழி.

அவரே சிரித்துவிட்டு வழிவிட்டார்.

கடையில் கை, கால், கண்மலர் என்று வெள்ளித் தகடுகள். "கிட்னி இருக்காக்கா?" என்று கேட்டாள். "முழு உருவமா வாங்கிக்கம்மா, எல்லாம் அதுக்குள்ள அடங்கிரும்" என்றார் கடைக்காரம்மா. அந்த வார்த்தை எனக்கு அருள்வாக்காகவே கேட்டது. கடைக்காரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு இவள் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

சித்தாமிர்தக் குளத்தில் தீர்த்தம் தெளித்துக்கொண்டு, வெல்லம் கரைத்தோம். உப்பு மிளகுப் பொட்டலத்தை நெஞ்சோடு வைத்து, "உப்பில்லாம சாப்பிட்டு மிச்சம் பிடிச்சதெல்லாம் உனக்குத்தான் தாயே" என்று சொல்லிச் செலுத்தினாள்.

செவ்வாய்க்கிழமை என்பதால் செவ்வாய் கிரகமான அங்காரகனுக்கு வந்த கூட்டம் வேறு. வரிசை என்று ஒன்று இருந்தும் நடுவில் நுழைகிறவர்களுக்குக் குறைவில்லை. டயாலிசிஸ் ஊசி போட ரத்தக்குழாய்களை இணைத்து வைத்திருக்கும் ஃபிஸ்டுலா அவளுக்கு இடது கையில். அதில் யார் முழங்கையும் பட்டுவிடக் கூடாதே என்று அந்தப் பக்கமாகவே ஒட்டி நடந்தேன். கூட்டம் நெருக்கியபோது என் விரலை எடுத்து அந்தக் கைமேல் வைத்தாள். தோலுக்கடியில் ரத்தம் அதிர்ந்து ஓடிக்கொண்டிருந்தது. "பாத்தியா, உள்ளயே உடுக்கை அடிக்குது. வைத்தியநாதர் கூடவேதான் வர்றாரு."

சுவாமி சன்னிதியில் ஓதுவார் அப்பர் தாண்டகம் பாடிக்கொண்டிருந்தார். 'மந்திரமும் தந்திரமும் மருந்துமாகித் தீராநோய் தீர்த்தருள வல்லான்' என்ற இடத்தில் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அம்மன் தையல்நாயகி முன்னால் நின்றபோதோ தோழியின் உதடுகள் ஓயாமல் அசைந்துகொண்டே இருந்தன. நகரச் சொன்னார்கள், நகர்ந்தாள், திரும்பித் திரும்பிப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

பிராகாரத்தில் உட்கார்ந்ததும், "கிட்னி சீக்கிரம் கிடைக்கணும்னு நல்லா கேட்டியா?" என்றேன். உறுப்பு தானத்துக்குப் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்கிறாள்.

"கேக்கலடி. நன்றி சொல்லவே நேரம் பத்தல. வலிக்காம ஊசி போடற சிஸ்டர், காப்பீட்டு அட்டை, பிபி இறங்கினப்ப ஓடி வந்து என் காலைத் தூக்கிப் பிடிச்ச பக்கத்து பெட் தாத்தாவோட மருமக... பேர் பேரா சொல்லிட்டு வர்றதுக்குள்ள தள்ளிவிட்டுட்டாங்க." கொஞ்சம் நிறுத்தி, "கிட்னி வரணும்னா யாரோ ஒரு வீட்டுல இழவு விழணும். அதை எப்படி வாய்விட்டுக் கேக்கறது? தர்றதுன்னா அவளே பாத்துத் தரட்டும்" என்றாள்.

எனக்குப் பேச்சு வரவில்லை. வெயிலில் நாக்கு வறண்டிருந்தது. அவளுக்கு ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர்தான் கணக்கு என்பதால் அவள் முன்னால் தண்ணீர் பாட்டிலைத் திறக்க மனம் வரவில்லை. அதையும் கண்டுபிடித்துவிட்டாள். "மடக்கு மடக்குனு குடிடி, நான் பாக்கறேன். எனக்கும் சேத்து இறங்கட்டும்." குடித்தேன். தாயே, ஒரு மடக்குத் தண்ணீர் தடையில்லாமல் உள்ளே இறங்குவதும், இறங்கியது வெளியேறுவதும் உன் கருணையல்லவா! இந்த உடம்பு எனக்காகச் சத்தமில்லாமல் செய்துகொண்டிருக்கும் வேலைக்கெல்லாம் உன் சன்னிதியில் விழுந்து கும்பிட வேண்டும் போலிருந்தது. எழுந்து போய்க் கொடிமரத்தடியில் விழுந்து கும்பிட்டேன். அவளை ஐசியூவிலிருந்து எழுப்பி என்னோடு நடக்கவிட்டதற்கு, அவள் சிரிப்பை அப்படியே விட்டுவைத்ததற்கு, கோடி நமஸ்காரம்.

மறுநாள் டயாலிசிஸுக்குப் போகும்போது கூட இருக்கிறவர்களுக்குக் கொடுக்கத் திருநீறும் மருந்துப் பிரசாதமான திருச்சாந்துருண்டையும் தனித்தனியாக மடித்துக்கொண்டாள். ஒரு கிருத்திகைக்கு வந்து இங்குள்ள முருகன் செல்வமுத்துக்குமாரர் அபிஷேகம் பார்க்க வேண்டுமாம். திங்கள், புதன், வெள்ளியில் வராத கிருத்திகை எது என்று காரில் வரும்போதே காலண்டரைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.