அப்பாவின் கைப்பிடி

கோலாலம்பூர் செந்தூல் ரயில் பட்டறையில் 30 வருடம் ஃபிட்டராக இருந்தவர் என் அப்பா. துருப்பிடித்து இறுகிய நட்டுகளைத் திருகித் திருகியே காய்த்துப்போன கை அவருடையது. கணையப் புற்றுநோய் என்று உறுதியானதும், கீமோவுக்கு முன்னால் அந்தக் கையின் பலத்தை அளக்க வேண்டும் என்றார்கள். நோய் வயிற்றுக்குள் இருக்கக் கையை ஏன் அளக்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

உடலியக்கச் சிகிச்சை தரும் பிசியோ பொறுமையாக விளக்கினார். இந்த நோயில் தசை கரைந்துகொண்டே போகும். தசை குறைந்தால் கீமோவைத் தாங்குவதும் கடினம். எடை மெஷின் இதைக் காட்டாமலும் போகலாம். அப்பாவின் காலில் நீர் கோத்திருந்ததால் எடை 61 கிலோவிலேயே நின்றது. இளைக்கவில்லையே என்று நாங்களும் நிம்மதியாக இருந்துவிட்டோம்.

நாற்காலியில் உட்காரவைத்து, முழங்கையை 90 டிகிரிக்கு மடக்கச் சொல்லி, டைனமோமீட்டர் என்ற கருவியைக் கையில் கொடுத்தார்கள். மூச்சடக்காமல் முழுப் பலத்தோடு அழுத்த வேண்டும். ஒவ்வொரு கையிலும் மூன்று முறை. அதிகபட்சமாக வந்தது 19 கிலோ. ஆசிய நாடுகளுக்கான 2019 வரையறைப்படி ஆண்களுக்கு 28 கிலோவுக்குக் கீழே போனால் பலவீனம். அப்புறம் கைகளை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்காரச் சொன்னார்கள். 12 வினாடிக்குள் முடிக்க வேண்டியது. அப்பாவுக்கு 18 வினாடி ஆனது.

அடுத்தது கேள்வித்தாள். புற்றுநோயாளிகள் எல்லாருக்கும் பொதுவாக 30 கேள்விகள், கணையப் புற்றுநோய்க்கென்று தனியாக 26. கடந்த ஒரு வாரம் எப்படி இருந்தது என்று யோசித்துச் சொல்ல வேண்டும். தாள் மலாயில் இருந்ததால் நான் தமிழில் படித்துக் காட்டினேன். பக்கத்தில் அம்மா. கை கால் பலவீனமாக இருந்ததா? "இல்லவே இல்லை." இரவில் வலி? "இல்லை." எதிர்காலத்தை நினைத்துக் கவலை? "அதெல்லாம் இல்லம்மா." 19 கிலோவைப் பார்த்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. நானும் அவர் சொன்னபடியே கட்டங்களை நிரப்பினேன். அது என் தவறு. இன்றும் வருத்தமாக இருக்கிறது.

கைப்பிடி அளவை வைத்து உணவு ஆலோசகரிடம் அனுப்பினார்கள். உணவைச் செரிக்கவைக்கும் நொதியைக் கணையம் போதிய அளவு சுரக்காததால் சாப்பிடுவது உடம்பில் சேரவில்லை. மலம் எண்ணெய் போல மிதந்ததற்கும் அதுதான் காரணம். சாப்பாட்டின் முதல் கவளத்தோடு விழுங்க நொதி கேப்சூல் தந்தார்கள். பன்றியின் கணையத்திலிருந்து எடுப்பது என்று கேட்டதும் அம்மா முகம் சுளித்தார். "மருந்துதானே" என்று அப்பா வாங்கிக்கொண்டார். முட்டை, மீன், பருப்பு, பிசியோ சொல்லிக்கொடுத்த எழுந்து உட்காரும் பயிற்சி என்று எட்டு வாரம் போனது.

மறுபடி அளந்தபோது 21 கிலோ. இரண்டு கிலோதான் என்று மற்றவர்களுக்குத் தோன்றலாம். கீமோ நடக்கும்போதே அது குறையாமல் ஏறியதே எங்களுக்குப் பெரிது.

இந்த முறை கேள்விகளை ஒரு தமிழ் மிஸ்ஸி (நர்ஸ்) கேட்டார். எங்கள் இருவரையும் வெளியே இருக்கச் சொல்லிவிட்டார். அரை மணி நேரம் ஆனது. வெளியே வந்த அப்பா என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார்: "ராத்திரி முதுகு வலி தாங்க முடியலன்னு சொல்லிட்டேன்மா. பயமா இருக்குன்னும் சொன்னேன்."

அன்றே டாக்டர் வலி மருந்தை மாற்றிக் கொடுத்தார். மூன்றாம் நாள் இரவு அப்பா விடியும்வரை தூங்கினார்.